நயாகரா கவுண்டியில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு

அருவியைப் பார்க்க வருகிறவர்கள் ஒரே நாளில் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கு வழிகாட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேலைக்கோ படிப்புக்கோ கல்யாணமாகியோ வந்து, நம் ஊர் மாவட்டம் போன்ற நயாகரா கவுண்டியிலேயே குடித்தனம் நடத்தப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நியூயார்க் மாநிலம் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் மன்ஹாட்டனை நினைத்துக்கொள்வார்கள். அது இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல். நீங்கள் வந்திருப்பது மாநிலத்தின் வடமேற்கு மூலைக்கு. மேற்கே நயாகரா ஆறு, வடக்கே ஒன்டாரியோ ஏரி, இரண்டுக்கும் அக்கரையில் கனடா.

இங்கே எந்த ஊரில் வீடு பார்ப்பது, எங்கே என்ன விளையும், மண்ணுக்கடியில் என்ன புதைந்திருக்கிறது என்பது வரை எல்லாமே நிலத்தின் இறக்கத்தோடு தொடர்புள்ளவை. அதை முதலில் புரிந்துகொண்டால் மற்றவை தானாக விளங்கும். அதனால் சாமான் பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன் வரைபடத்தைப் பிரியுங்கள்.

படி 1: ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்

நயாகரா ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. ஈரி ஏரியில் தொடங்கி ஒன்டாரியோ ஏரியில் முடியும் இதன் நீளம் சுமார் 58 கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு ஏரிகளின் மட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய 99 மீட்டர் வித்தியாசம். அதில் பாதியளவு அருவியிலேயே விழுந்து தீர்கிறது.

இந்த இறக்கத்துக்குக் காரணம், கவுண்டியைக் கிழக்கு மேற்காக வெட்டிக்கொண்டு போகும் ஒரு பாறைச் சரிவு. எஸ்கார்ப்மென்ட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மேலே கெட்டியான டோலமைட் பாறை, கீழே எளிதில் அரிந்துபோகும் களிப்பாறை. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் அருவி இப்போதைய லூயிஸ்டன் ஊருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அடிப்பாறையைத் தண்ணீர் அரிக்க அரிக்க மேல்பாறை உடைந்து விழுந்து, 11 கிலோமீட்டர் பின்வாங்கி இப்போதைய இடத்துக்கு வந்திருக்கிறது. அது கடந்துவந்த பாதைதான் ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கு.

சரிவின் மேல்பகுதியில், அதாவது தெற்கே, நகரங்களும் ஆலைகளும். வடக்கே இறங்கினால் ஏரி வரைக்கும் சமவெளி, அதில் பழத்தோட்டங்கள். சமவெளியில் கிழக்கு மேற்காக ரிட்ஜ் ரோடு என்று ஒரு சாலை ஓடும், எண் 104. சுற்றியுள்ள வயல்களைவிடக் கொஞ்சம் மேடாக இருக்கும். பனியுக முடிவில் ஒன்டாரியோவைவிடப் பெரிதாகக் கிடந்த இராக்வாய் ஏரியின் பழைய கரை அது. தண்ணீர் தேங்காத மணல்மேடு என்பதால் பூர்வகுடிகள் நடந்து தடம் போட்டார்கள், பிறகு வண்டிப்பாதையாகி, இன்று நெடுஞ்சாலை. ஒருமுறை அதில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வடக்குப் பக்கம் நிலம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

கவுண்டி 1808-இல் உருவானது. பஃபலோ நகரம் இருக்கும் ஈரி கவுண்டியும் அப்போது இதற்குள்தான் இருந்தது, 1821-இல் பிரிந்துபோனது. எல்லைக்கோடு ஒன்டாரியோ ஏரியின் நடுவரை போவதால், கணக்குப்படி கவுண்டியின் பரப்பில் பாதிக்கு மேல் தண்ணீர். மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 2,12,666.

படி 2: எந்த ஊரில் இருப்பது என்று முடிவு செய்யுங்கள்

நகரங்கள் மூன்று.

நயாகரா ஃபால்ஸ் நகரில் வாடகையும் வீட்டு விலையும் குறைவு. 1960-இல் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2020-இல் 50,000-க்குக் கீழே வந்துவிட்டது. ஆலைகள் போனதும் ஆட்களும் போனார்கள். தெருவுக்குத் தெரு நிலைமை மாறும். ஒரு தெருவில் பூச்செடி வைத்து அழகாகப் பராமரித்த வீடுகள், அடுத்த தெருவில் பலகை அடித்த வீடுகள். விளம்பரப் படத்தை நம்பாமல் பகலில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். இந்த நகரத்தைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் நிறைய. நான் அப்படிப் பேசமாட்டேன். பைன் அவென்யூவின் இத்தாலியக் கடைகள், ஆற்றோரம் நடக்கக் கிடைத்த வசதி, கார் இல்லாதவர்களுக்கு பஃபலோவுக்குப் பேருந்து, நியூயார்க் நகரம் வரை ஆம்ட்ராக் ரயில் எல்லாம் இங்கேதான்.

நார்த் டோனவாண்டா, ஈரி கால்வாய் ஆற்றோடு சேரும் இடத்தில் இருக்கிறது. மக்கள் சுமார் 30,000. ஒரு காலத்தில் மரவாடிகளும், குடைராட்டினக் குதிரைகள் செதுக்கிய தொழிற்சாலையும் இருந்த ஊர். அந்த ராட்டினத் தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம், குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். பஃபலோவிலோ ஆம்ஹர்ஸ்டிலோ வேலை பார்க்கிறவர்களுக்கு இது வசதி.

லாக்போர்ட்தான் கவுண்டியின் தலைமையிடம். நீதிமன்றம், கவுண்டி அலுவலகங்கள் எல்லாம் இங்கே. 1825-இல் முடிந்த ஈரி கால்வாயை வெட்டியவர்களுக்கு இந்தப் பாறைச் சரிவுதான் பெரிய தடை. ஆங்கிலத்தில் லாக் எனப்படும் அடைப்புக் கதவுகள் ஐந்தைப் படிக்கட்டாக அமைத்துப் படகுகளை ஏற்றி இறக்கினார்கள். ஊரின் பெயரே அதிலிருந்துதான். தீயணைப்பு நீர்க்குழாய் முறையிலும், ஒரே கொதிகலனிலிருந்து பல வீடுகளுக்கு நீராவி அனுப்பும் முறையிலும் முன்னோடியான பர்ட்சில் ஹாலி வேலை செய்ததும் இங்கேதான். கார் உதிரிபாகங்கள் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை இன்றும் இயங்குகிறது.

நகரங்களுக்கு வெளியே பன்னிரண்டு டவுன்கள், அவற்றுக்குள் ஐந்து வில்லேஜ்கள். இங்கே இவை தனித்தனி உள்ளாட்சி நிர்வாகங்களின் பெயர்கள். புது வீடுகள், அமைதி, நல்ல பள்ளி என்று தேடுகிறவர்கள் வீட்ஃபீல்ட், பென்டில்டன் பக்கம் போவார்கள். லூயிஸ்டனிலும் யங்ஸ்டவுனிலும் ஆற்றைப் பார்த்த பழைய அழகான தெருக்கள், விலை கூடுதல். வில்சன், ஓல்காட், பார்க்கர் ஏரிக்கரை ஊர்கள். அங்கே இருக்க வீட்டில் ஆளுக்கொரு கார் வேண்டும், தனிமை பழகவும் வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்து, வண்டி ஓட்டத் தெரியாமல் பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கப்போகிற மனைவியையோ தாயையோ முதல் குளிர்காலத்திலேயே அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

கோயிலும் நம் மளிகையும் கவுண்டிக்குள் எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து ஈரி கவுண்டியில், ஆம்ஹர்ஸ்டின் கெட்ஸ்வில் பகுதியில் இந்துக் கோயில் இருக்கிறது. இந்திய மளிகைக் கடைகளும் ஆம்ஹர்ஸ்ட் பக்கம்தான். கவுண்டியின் தெற்குப் பகுதியில் வீடு எடுத்தால் இவை கிட்டத்தில்.

படி 3: வீட்டை எடுக்கும் முன் மண்ணின் வரலாற்றைக் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

தண்ணீர் விழுகிற இடத்தில் மின்சாரம் எடுக்கலாம். 1895-இல் ஆடம்ஸ் மின்நிலையம் இயங்கத் தொடங்கி, 1896-இல் பஃபலோ வரை மாறுதிசை மின்சாரம் போய்ச் சேர்ந்தது. டெஸ்லாவின் காப்புரிமைகளை வைத்துக் கட்டியது அது. அவருடைய சிலை அருவிப் பூங்காவில் இருக்கிறது. மலிவான மின்சாரம் கிடைத்ததும் அதை அதிகம் தின்னும் ஆலைகள் வரிசையாக வந்தன. அலுமினியம், குளோரின், காஸ்டிக் சோடா, உராய்பொருள்கள். ஆலைகள் வேலை கொடுத்தன, கழிவையும் கொடுத்தன.

நயாகரா ஃபால்ஸின் தென்கிழக்கில் பாதியில் கைவிட்ட ஒரு கால்வாய்ப் பள்ளம் இருந்தது, பெயர் லவ் கெனால். ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் 1953 வரை அதில் சுமார் 21,000 டன் இரசாயனக் கழிவைக் கொட்டி மூடி, பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தது. அதன்மேல் பள்ளிக்கூடம் எழுந்தது, சுற்றிலும் வீடுகள். எழுபதுகளில் நிலவறைகளில் இரசாயனம் ஊறி வந்தது. பிள்ளைகள் நோய்ப்பட்டார்கள். லோயிஸ் கிப்ஸ் என்ற தாய் வீடு வீடாகப் போய் ஆட்களைத் திரட்டினார். 1978 ஆகஸ்டில் அதிபர் கார்ட்டர் நெருக்கடிநிலை அறிவித்தார், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. நச்சுக்கழிவு கிடக்கும் இடங்களைச் சுத்தப்படுத்த, அமெரிக்கா முழுவதற்கும் பொருந்தும் சூப்பர்ஃபண்ட் சட்டம் 1980-இல் வந்ததற்கு இந்த ஊர்ப் பெண்களின் போராட்டம் முக்கியக் காரணம். அவர்களை நினைக்கும்போது எனக்கு இந்த ஊரின்மேல் மதிப்புக் கூடுகிறது.

அந்த இடத்தை மூடிச் சீல் வைத்து வேலி போட்டிருக்கிறார்கள். 2004-இல் சூப்பர்ஃபண்ட் பட்டியலிலிருந்தும் எடுத்தாயிற்று, பக்கத்தில் மறுபடி மக்கள் குடியிருக்கிறார்கள். இது ஒன்று மட்டும் இல்லை. லூயிஸ்டன், போர்ட்டர் டவுன்களுக்குள் பரவிய பழைய இராணுவ வெடிமருந்து நிலத்தில், அணுகுண்டுத் திட்டத்தின் கதிரியக்கக் கழிவைச் சேமித்து வைத்த இடமும் இருக்கிறது. பயந்து ஓட வேண்டியதில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். செய்ய வேண்டியவை:

- வீட்டு முகவரியை மாநில சுற்றுச்சூழல் துறையின் மாசுபட்ட இடங்களின் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். இலவசம்.
- 1978-க்கு முன் கட்டிய வீடென்றால் ஈயப் பெயின்ட் பற்றித் தெரிந்ததை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம். இங்கே பெரும்பாலான வீடுகள் பழையவை. தவழும் குழந்தை இருந்தால் ஜன்னல் சட்டங்களில் உரியும் பெயின்டைப் பாருங்கள், குழந்தையின் இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.
- ஏரிக்கரை வீடு ஆசைகாட்டும். 2017-லும் 2019-லும் ஒன்டாரியோ ஏரி பொங்கி ஓல்காட், வில்சன் கரைகளில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. வெள்ள வரைபடம், கரை அரிப்பு, காப்பீட்டுச் செலவு மூன்றையும் பார்த்த பிறகே முன்பணம்.
- டவுன்களில் உள்ளே போகப் போகக் கழிவுநீர்க் குழாய் இருக்காது, செப்டிக் தொட்டிதான். அதன் வயதைக் கேளுங்கள்.
- வாங்குவதானால் வீட்டுப் பரிசோதகரைத் தவிர ஒரு வழக்கறிஞரும் வேண்டும். இந்தப் பக்கத்தில் பத்திரம் முடிப்பது வழக்கறிஞர் வழியாகத்தான்.
- வாடகையானால், முன்வைப்புத் தொகை ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்கு மேல் போகக்கூடாது.

படி 4: எந்த வேலைக்கு எந்த அலுவலகம்

லாக்போர்ட் என்ற நகரமும் உண்டு, அதைச் சுற்றி லாக்போர்ட் என்ற டவுனும் உண்டு. லூயிஸ்டன் டவுனுக்குள் லூயிஸ்டன் வில்லேஜ். நயாகரா ஃபால்ஸ் நகரம் வேறு, நயாகரா டவுன் வேறு. போதாததற்குத் தபால் முகவரி இன்னொரு குழப்பம். வீட்ஃபீல்டில் இருப்பவரின் முகவரியில் நார்த் டோனவாண்டா என்று இருக்கும். குப்பை, தண்ணீர், கட்டட அனுமதி எல்லாம் எந்த நிர்வாகத்துக்குள் வீடு இருக்கிறதோ அதன் பொறுப்பு. வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி மாவட்டம் இவை எதனோடும் ஒத்துப்போகாது. கவுண்டியில் பத்து மாவட்டங்கள். ஒரே டவுனில் இந்தத் தெருப் பிள்ளைகள் நயாகரா-வீட்ஃபீல்டுக்கும் அடுத்த தெருப் பிள்ளைகள் ஸ்டார்பாயின்டுக்கும் போவார்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் முகவரியைச் சொல்லி மாவட்ட அலுவலகத்தில் உறுதி செய்யுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை ஊரிலிருந்து வரும்போதே ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வாருங்கள். நியூயார்க்கில் தடுப்பூசி இல்லாமல் பள்ளியில் சேர்க்கமாட்டார்கள், மத நம்பிக்கையைக் காரணம் காட்டி விலக்குப் பெறவும் முடியாது.

சொந்த வீடு என்றால் சொத்துவரி ஒரே ரசீதில் வராது. பள்ளி வரி செப்டம்பரிலும் கவுண்டி, டவுன் வரி ஜனவரியிலும் வரும். வில்லேஜுக்குள் இருந்தால் அதற்குத் தனி. பள்ளி வரியைக் குறைக்கும் ஸ்டார் சலுகைக்குச் சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் மாநிலத்திடம் பதிய வேண்டும், தானாக வராது. கடைகளில் விற்பனை வரி 8 சதவீதம், மாநிலத்துக்குப் பாதி, கவுண்டிக்குப் பாதி.

ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வி அலுவலகங்களை இங்கே கவுண்டி கிளார்க் நடத்துகிறார். வேறு மாநில உரிமம் வைத்திருந்தால் குடியேறிய 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். இந்திய, இலங்கை உரிமம் வைத்திருப்பவர்கள் எழுத்துத் தேர்வு, ஐந்து மணி நேர வகுப்பு, சாலைத் தேர்வு எல்லாம் முடிக்க வேண்டும். சாலைத் தேர்வைப் பனி விழும் முன்பே முடித்துவிடப் பாருங்கள்.

மருத்துவமனைகள் நயாகரா ஃபால்ஸ், லூயிஸ்டன், லாக்போர்ட் மூன்றிலும் உண்டு. லாக்போர்ட்டில் பழையது 2023-இல் மூடி, அதே ஆண்டில் புதியது திறந்தது. பெரிய சிகிச்சைக்கு பஃபலோதான். எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று தெரியாவிட்டால் 211-ஐ அழையுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம்.

படி 5: குளிர்காலத்துக்கு அக்டோபரிலேயே தயாராகுங்கள்

பஃபலோ பனியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீட்டர்தான். அதன் மேல் குளிர்காற்று நீளவாக்கில் வீசும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டும். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவதால் அந்தப் பனிப்பட்டை பஃபலோவிலும் அதன் தெற்கிலும்தான் அதிகம் விழும். நம் கவுண்டி வழக்கமாகத் தப்பித்துக்கொள்ளும். ஏரி உறைந்துவிட்டால் ஈரம் கிடைக்காமல் அந்த வகைப் பனி குறைந்துவிடும். ஒன்டாரியோ ஏரியோ 244 மீட்டர் வரை ஆழம், பெரும்பாலும் உறைவதில்லை.

வழக்கமாகத் தப்பிக்கும் என்பதை எப்போதும் தப்பிக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 கிறிஸ்துமஸ் புயலில் இந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். காருக்குள் மாட்டிக்கொண்டவர்கள், வெப்பமில்லாத வீட்டில் இருந்தவர்கள், ஆம்புலன்ஸ் வந்துசேர முடியாதவர்கள். பயணத் தடை அறிவித்தால் வண்டி எடுப்பது சட்டவிரோதம். வேலை போய்விடுமோ என்று பயந்து கிளம்பாதீர்கள், மேலாளரிடம் தடை அறிவிப்பைக் காட்டுங்கள்.

அக்டோபர் முடிவதற்குள் குளிர்கால டயர் மாற்றுங்கள். காரில் கம்பளி, சிறிய மண்வெட்டி, கைவிளக்கு, போன் சார்ஜர். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை ஆள் வைத்துச் சோதித்து, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். புதைந்த காரை இயக்கும் முன் புகைபோக்கியைச் சுற்றிப் பனியை அள்ளுங்கள், இல்லாவிட்டால் நச்சுப்புகை உள்ளே வரும். சாலையில் உப்பு கொட்டுவார்கள், கார் அடிப்பகுதியை அவ்வப்போது கழுவாவிட்டால் துரு தின்றுவிடும். வெப்பக் கட்டணம் கட்டமுடியாமல் தவிப்பவர்களுக்கு ஹீப் என்ற அரசு உதவி உண்டு. வருமானமும் குடிவரவு நிலையும் பொருந்துகிறதா என்று கவுண்டி சமூக சேவை அலுவலகத்தில் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

படி 6: பாலத்தைத் தாண்டுவதற்கு முன்

நம்மில் பலருக்கு ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ பிராம்டனிலோ சித்தியோ மாமாவோ இருப்பார்கள். டொராண்டோ சாலைவழி சுமார் 130 கிலோமீட்டர். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வரலாம் என்பது இங்கே குடியிருப்பதன் பெரிய ஆறுதல். ஆனால் காகிதங்களைச் சரிபாருங்கள்.

கிரீன் கார்டு உள்ளவர்கள் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டையும் கார்டையும் எடுத்துக்கொண்டால் போதும், கனடா விசா வேண்டாம். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்குக் கனடாவின் வருகையாளர் விசா தேவை. போவதைவிடத் திரும்பி வருவது முக்கியம். அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகிவிட்டதா, மாணவரானால் ஐ-20 தாளில் பயணக் கையொப்பம் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கல்லூரி அலுவலகத்தையோ வழக்கறிஞரையோ கேட்காமல் கிளம்பாதீர்கள்.

காரில் போகப் பாலங்கள் மூன்று. அருவிக்குப் பக்கத்தில் ரெயின்போ பாலம், நடந்தும் போகலாம், லாரிகளுக்கு அனுமதி இல்லை. லூயிஸ்டன்-குவீன்ஸ்டன் பாலம் நெடுஞ்சாலைக்காரர்களுக்கு வசதி. வேர்ல்பூல் பாலம், முன்கூட்டியே சரிபார்த்து எல்லையை விரைவாகக் கடக்கத் தரும் நெக்சஸ் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். அருவி அருகே கார் ஓட்டும்போது பாலத்துக்குப் போகும் தடத்தில் தவறி நுழைந்துவிட்டால் பாதியில் திரும்ப முடியாது. காகிதம் கையில் இல்லாதவர்கள் அங்கே பலகைகளை இரண்டு முறை படியுங்கள். ஆற்றோரம் நின்றாலே போன் கனடா கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

சித்தி கட்டிக்கொடுக்கும் பையைப் பற்றி ஒரு வார்த்தை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் பச்சை இலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். பழம், இறைச்சி, செடி எதுவாயினும் கேட்கும்போது இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகம் போனால் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம், நெக்சஸ் அட்டையும் பறிபோகலாம்.

படி 7: தண்ணீரோடு பழகுங்கள்

அருவிப் பூங்கா 1885-இல் தொடங்கியது, அமெரிக்காவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா. நடந்து நுழையக் கட்டணம் கிடையாது, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். கார் நிறுத்தத்துக்குத்தான் காசு. அடிக்கடி போகப்போகிற உள்ளூர்க்காரர்கள் எம்பயர் பாஸ் வாங்கிவிடுவார்கள், மாநிலப் பூங்காக்கள் பலவற்றுக்கும் அது செல்லும். கூட்டம் பிடிக்காதவர்கள் கோட் தீவைத் தாண்டி மூன்று சகோதரிகள் தீவுகளுக்குப் போங்கள்.

அருவியில் விழும் நீரின் அளவை அமெரிக்காவும் கனடாவும் 1950-இல் போட்ட உடன்படிக்கை தீர்மானிக்கிறது. சுற்றுலாப் பருவத்தில் பகலில் நொடிக்கு குறைந்தது ஒரு லட்சம் கன அடி, இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி. மிச்சம் மின்நிலையங்களுக்கு. அதனால் அருவிக்குக் கீழே பள்ளத்தாக்கில் நீர்மட்டம் ஒரே நாளில் பல அடி ஏறி இறங்கும். டெவில்ஸ் ஹோல், வேர்ல்பூல் பூங்காக்களின் படிக்கட்டுகளில் இறங்கி நடக்கலாம், அழகோ அழகு. தண்ணீருக்குள் மட்டும் கால் வைக்காதீர்கள்.

மீன் பிடிக்க 16 வயதிலிருந்து உரிமம் வேண்டும். இலையுதிர்காலத்தில் சால்மன் ஏரியிலிருந்து ஆற்றில் ஏறும், குளிர்காலத்தில் ஸ்டீல்ஹெட். ஆசைப்படும் முன் மாநில சுகாதாரத் துறையின் மீன் அறிவுரையைப் படியுங்கள். பழைய ஆலைக்கழிவின் பிசிபி, டயாக்சின் போன்ற நச்சுகள் மீனின் கொழுப்பில் தங்குகின்றன. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கட்டுப்பாடு கடுமை. தலை, தோல், வயிற்றுக் கொழுப்பு எல்லாவற்றையும் குழம்பில் போட்டுக் கொதிக்க வைப்பது நம் வழக்கம். இந்த ஆற்றுப் பெரிய மீனுக்கு அது கூடாது. தோலையும் கொழுப்பையும் நீக்கி, வாட்டி, வடியும் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும். மீன்தலைக் குழம்புக்குக் கடை மீனே நல்லது.

இன்னொன்று. லூயிஸ்டன் டவுனுக்குள் டஸ்கரோரா என்ற பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. வட கரோலினாவிலிருந்து துரத்தப்பட்டு வடக்கே வந்து, 1722 வாக்கில் ஹோடனோஷோனி என்ற பூர்வகுடிகளின் கூட்டமைப்பில் ஆறாவது இனமாகச் சேர்ந்தவர்கள். 1813 டிசம்பரில் பிரிட்டிஷ் படை லூயிஸ்டனை எரித்தபோது குடியேறிகள் தப்பியோட இவர்கள்தான் குறுக்கே நின்று நேரம் வாங்கிக்கொடுத்தார்கள். இவர்களுடைய நிலத்தில் 550 ஏக்கரை மின்திட்ட நீர்த்தேக்கத்துக்காக எடுத்துக்கொள்ள 1960-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நம் வீட்டு விளக்கு எரிவதில் அந்த இழப்பும் இருக்கிறது. அங்கே பெட்ரோல் போடப் போகலாம், கடைகளுக்குப் போகலாம். அனுமதியில்லாமல் காட்டுக்குள்ளும் ஓடைக்கரையிலும் திரியாதீர்கள், அது அவர்களுடைய வீடு.

பழத்தோட்டங்களுக்குக் காரணம் ஏரி. வசந்தத்தில் குளிர்ந்த ஏரி மொட்டு விரிவதைத் தாமதப்படுத்தும், பின்பனியில் பூ கருகாமல் தப்பும். இலையுதிர்காலத்தில் சூடு தேங்கிய ஏரி முதல் உறைபனியைத் தள்ளிப்போடும். செர்ரி ஜூலையில், பீச் ஆகஸ்டில், ஆப்பிள் செப்டம்பர் அக்டோபரில். நாமே பறித்து எடைக்குக் காசு கொடுக்கும் தோட்டங்கள் உண்டு. நயாகரா என்ற வெள்ளைத் திராட்சை 1868-இல் உருவானது இந்தக் கவுண்டியில்தான். உங்கள் கொல்லையில் கத்தரி, வெண்டை, மிளகாய் நன்றாகவே வரும். மே மாத நடுவுக்கு முன் நாற்றை வெளியே வைக்காதீர்கள்.

வந்த முதல் நல்ல சனிக்கிழமையில் கவுண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவாருங்கள். அருவியில் தொடங்கி ஆற்றோரமாக வடக்கே. லூயிஸ்டனில் ராபர்ட் மோசஸ் மின்நிலையத்தின் பவர் விஸ்டா பார்வையாளர் கூடம் இலவசம். அங்கிருந்து யங்ஸ்டவுன், ஆறு ஏரியில் சேரும் முனையில் பழைய நயாகரா கோட்டை. 1726-இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கல்மாளிகை இன்னும் நிற்கிறது, 1759-இல் பிரிட்டிஷார் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். பிறகு சாலை 18-இல் ஏரியோரமாகக் கிழக்கே வில்சன், ஓல்காட். நேரமிருந்தால் கோல்டன் ஹில் பூங்காவில் 1875-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் வரை போங்கள். திரும்பி ஓல்காட்டிலிருந்து சாலை 78-இல் தெற்கே ஏறினால் லாக்போர்ட்டின் கால்வாய்க் கதவுகள். கோடையில் படகு ஏறி இறங்குவதைப் பாலத்திலிருந்து பார்க்கலாம். அதே 78-இல் தொடர்ந்து தெற்கே போனால் ஆம்ஹர்ஸ்ட் ஓரம் வந்துவிடும். புளியும் இட்லி அரிசியும் அங்கே வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.